ராத்திரி வண்டி பக்தர்களோடு ஒரு வம்பு

மும்பையில் குப்பை கொட்டும் நம்மாட்களிடம் ஊருக்குப் போக எது நல்ல வண்டி என்று கேட்டுப் பாருங்கள். எல்லோரும் ஒரே மந்திரத்தைத்தான் ஓதுவார்கள். "ராத்திரி ஏறணும், தேர்ட் ஏசி போடணும், போர்வையை இழுத்துப் போத்தணும், கண்ணைத் திறந்தா பாதி தூரம் தாண்டியிருக்கணும்." இதைச் சொல்லும்போது முகத்தில் ஒரு ஞானக்களை வேறு. ரயில் பயணம் என்பது மயக்க மருந்து கொடுத்துச் செய்யவேண்டிய ஆபரேஷன் என்று இவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியவில்லை.

இந்தப் பதிவு அவர்களுக்கு எதிரானது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் சண்டைக்கு வரக்கூடாது :-)

நமக்கு ஊர் தென்காசிப் பக்கம். ஆணி பிடுங்குவது தானேவுக்கு இந்தப் பக்கம். எந்த வண்டியில் போனாலும் ஒன்றரை நாள் சுமாருக்கு ஆகத்தான் செய்யும். அவ்வளவு நேரம் உட்காரப்போகிறோம் என்று ஆனபிறகு, "டைம் சேவ் பண்ணணும்" என்று அதில் நாலு மணி நேரத்தைக் குறைக்க மெனக்கெடுவது எனக்கு விளங்கியதே இல்லை. அவசரம் என்றால் விமானம் இருக்கிறது. சாவு, கல்யாணம், ஆஸ்பத்திரி என்றால் அதில் போங்கள், யாரும் ஒன்றும் சொல்லப்போவதில்லை. ஆனால் ரயில்தான் என்று முடிவுசெய்துவிட்டு, அதில் இருப்பதிலேயே உருப்படியான விஷயத்தை, அதாவது ஜன்னலை, வேண்டாம் என்று ஒதுக்குவது என்ன கணக்கு?

கொங்கணையே எடுத்துக்கொள்வோம். ரோஹாவிலிருந்து மங்களூர் பக்கத்தில் தோக்கூர் வரை ஏறத்தாழ 740 கிலோமீட்டர். 1990-ல் கம்பெனி ஆரம்பித்து, ஸ்ரீதரன் தலைமையில் மலையைக் குடைந்து, 1998 ஜனவரி 26-ல் முழுப்பாதையும் திறந்தது. தொண்ணூறுக்கு மேல் குகைகள், எல்லாம் சேர்த்து 84 கிலோமீட்டர் நீளம். ரத்னகிரி பக்கத்தில் கர்புடே குகை மட்டும் ஆறரை கிலோமீட்டர். அதே ரத்னகிரி பக்கத்தில் பான்வல் நதிப் பாலம், 64 மீட்டர் உயரம். இருபது மாடிக் கட்டடத்தின் மொட்டைமாடியில் வண்டி ஓடினால் எப்படியிருக்கும், அது மாதிரி. ஹொன்னாவரில் ஷராவதி ஆற்றுக்கு மேல் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளமுள்ள பாலம். இதெல்லாம் இந்த நாட்டில் ஜனங்கள் உயிரைக் கொடுத்துக் கட்டிய சமாச்சாரம். உருவகமாகச் சொல்லவில்லை, வேலையின்போது நிஜமாகவே உயிர்போனவர்கள் இருக்கிறார்கள். அதன் மேல் நம்மாள் அப்பர் பெர்த்தில் குறட்டை விட்டுக்கொண்டு போகிறார். காலையில் எழுந்து "கொங்கண் ரூட்ல வந்தேன், சூப்பர்" என்று வாட்ஸப்பில் ஸ்டேட்டஸ் வேறு.

எந்த வண்டி என்ற கேள்விக்கு வருவோம். இதற்குப் பெரிய ஆராய்ச்சி ஒன்றும் வேண்டாம். கால அட்டவணையை ஒரு கையிலும் அன்றைய சூரிய உதயம், அஸ்தமன நேரத்தை இன்னொரு கையிலும் வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் பார்க்கவிரும்பும் இடம் இந்த இரண்டுக்கும் நடுவில் வருகிறதா? வருகிறது என்றால் அது நல்ல வண்டி. வரவில்லை என்றால் எவ்வளவு பெரிய பெயர் வைத்த வண்டியாக இருந்தாலும் உங்களுக்கு அது குகைக்குள் போகும் வண்டிதான். ரத்னகிரியில் டிசம்பரில் ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடும், ஜூனில் ஏழுக்கு மேலும் வெளிச்சம் இருக்கும். ஒரே வண்டி, ஒரே இருக்கை, ஆனால் மாதத்தைப் பொறுத்து ஒரு மணி நேர மலை கூடும் குறையும். இந்தக் கணக்கை யாரும் போடுவதில்லை. வண்டி நம்பரையும் ரேட்டிங்கையும் பார்த்துவிட்டு டிக்கெட் எடுக்கிறார்கள்.

பெயரைப் பார்த்து ஏமாறுகிறவர்களுக்காக ஒரு உதாரணம். பாலருவி எக்ஸ்பிரஸ் தெரியுமில்லையா? ஆரியங்காவுப் பக்கத்தில் இருக்கும் அருவியின் பெயர். அந்த வண்டி செங்கோட்டை - புனலூர் மலைப்பாதையை இரண்டு திசையிலும் ராத்திரியில்தான் தாண்டுகிறது. அருவியின் பெயரை வைத்துக்கொண்டு அருவி இருக்கும் மலையை இருட்டில் கடக்கிற வண்டியைப் பற்றி என்ன சொல்ல? வேலைக்குப் போகிறவர்களுக்கும் வியாபாரிகளுக்கும் அந்த நேரம் வசதி, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் "மலைப்பாதையில் போறோம்டா" என்று பெயரைப் பார்த்து டிக்கெட் எடுத்துப் பிள்ளைகுட்டிகளோடு ஏறினால், கறுப்புக் கண்ணாடியில் உங்கள் முகத்தை நீங்களே பார்த்துக்கொண்டு போகலாம். 1904-ல் மீட்டர் கேஜில் திறந்த பாதை அது. அகலப்பாதை வேலைக்காக வருஷக்கணக்கில் மூடிக்கிடந்து 2018-ல்தான் முழுசாகத் திறந்தது. கழுதுருட்டியில் பதிமூணு கண் பாலத்தைப் பகலில் பார்க்காதவனைத் தென்காசிக்காரன் என்று ஒத்துக்கொள்ள எனக்கு மனசு வராது. கொல்லத்திலிருந்து மத்தியானம் கிளம்பிச் சென்னை போகும் வண்டியில் ஏறினால் மலை முழுக்க வெளிச்சத்தில் கிடைக்கும். ஒரு ராத்திரி கொல்லத்தில் தங்கவேண்டிவரும். தங்கினால்தான் என்ன, மீன் குழம்பு கிடைக்கும் :-)

பெங்களூரில் இருக்கும் மக்களுக்கும் இதே கதை உண்டு. சகலேஷ்பூரிலிருந்து சுப்ரமண்யா ரோடு வரை 55 கிலோமீட்டர், 57 குகைகள், ஐம்பதுக்கு ஒன்று ஏற்றம். 1979-ல் மீட்டர் கேஜாக வந்து, அகலப்பாதையாக மாறி, 2007 டிசம்பரில் பயணிகள் வண்டி திரும்ப விட்டபோது முதலில் ஓடியது ராத்திரி வண்டி. பகல் வண்டி பிற்பாடுதான் வந்தது. அது சும்மா வரவில்லை, கேட்டுக்கேட்டு வாங்கினார்கள். இன்றைக்கு அந்தப் பகல் வண்டியில் 2021 ஜூலையிலிருந்து கண்ணாடிக்கூரைப் பெட்டியும் இருக்கிறது. ஆனாலும் மங்களூர் போகிற நம் சாஃப்ட்வேர் சிங்கங்கள் ராத்திரி பஸ்ஸில் போகிறார்கள். கேட்டால் "ஒரு நாள் லீவு மிச்சம்".

சரி, பகல் வண்டி பிடித்தாயிற்று. எந்தப் பக்கம்?

இங்கேதான் இணையத்தில் உலவும் ஒரு புளுகை உடைக்கவேண்டியிருக்கிறது. "மும்பையிலிருந்து கோவா போகும்போது வலதுபக்கம் உட்காருங்கள், அரபிக்கடல் தெரியும்." ஐயா, அரபிக்கடல் வலதுபக்கம்தான் இருக்கிறது, வரைபடத்தில். மகாராஷ்டிரப் பகுதியில் கொங்கண் ரயில் கடற்கரையை விட்டு நன்றாக உள்ளே தள்ளி ஓடுகிறது. கடலை எதிர்பார்த்து வலதுபக்க ஜன்னலில் நாள் முழுக்கத் தவம் கிடந்தால் முந்திரித்தோப்பும் வெட்டிய செம்பாறைச் சுவரும்தான் தரிசனம் தரும். நடுநடுவே ஆறுகள் வரும், கடலை நோக்கி அகலமாகத் திறந்துகொண்டு போகும், அது அழகுதான். ஆனால் மழைக்காலத்தில் சஹ்யாத்ரி நிற்பது இடதுபக்கம். மேகம் இறங்கி, ஒவ்வொரு மடிப்பிலும் வெள்ளைக் கோடாகத் தண்ணீர் இறங்கிக்கொண்டிருப்பதும் அந்தப் பக்கம்தான். தெற்கே போகும்போது இடது, திரும்பி வரும்போது வலது. கடலுக்காகவே கொங்கண் ரயிலில் போகிறவர்கள் பேசாமல் மெரினாவுக்குப் போய்ச் சுண்டல் சாப்பிடலாம்.

அடுத்த புளுகு: "7, 15, 23 நம்பர் சைடு லோயர் எடு, அது வலதுபக்கம் வரும்." வராது. வரலாம். உங்களுக்கும் தெரியாது, டிக்கெட் கொடுக்கிற கம்ப்யூட்டருக்கும் தெரியாது. பெட்டியை எந்தப் பக்கம் திருப்பிக் கோத்திருக்கிறார்களோ அதைப் பொறுத்தது. ஒரே வண்டியில் எஸ்4-ல் சைடு பெர்த் இடதுபக்கமும் எஸ்5-ல் வலதுபக்கமும் இருக்கலாம். நடுவழியில் எஞ்சின் மாற்றிப்போட்டு வண்டி திசைதிரும்பினால் இடது வலது மொத்தமும் தலைகீழ். முன்பதிவுத் தளத்தில் லோயர், மிடில், அப்பர், சைடு லோயர், சைடு அப்பர் என்று விருப்பம் கேட்பான், இடமா வலமா என்று கேட்கவே மாட்டான். அதனால் நம்பரை வைத்து ஜோசியம் சொல்கிறவர்களைக் கிளி ஜோசியக்காரர் பக்கத்தில் உட்கார வையுங்கள்.

உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவுதான். எட்டு எட்டாக நம்பர் போகும். ஒவ்வொரு எட்டிலும் முதலாவதும் நாலாவதும் லோயர், ஜன்னல் பக்கத்துத் தூக்கம். ஏழாவது சைடு லோயர். பழைய ஐசிஎஃப் ஸ்லீப்பர் பெட்டியில் 72 பெர்த், புது எல்எச்பியில் 80. சைடு லோயரைப் பகலில் மடக்கினால் எதிரும் புதிருமாக இரண்டு ஒற்றை இருக்கை, இரண்டுக்கும் ஜன்னல். முழங்கால் இடிக்கப் பக்கத்தில் இன்னொருத்தர் கிடையாது. இதில் பெரிய வேடிக்கை என்னவென்றால், எல்லோரும் திட்டும் ஆர்ஏசி டிக்கெட்டுக்குக் கிடைப்பது இதுதான். பகல் பயணத்துக்கு, படுக்கத் தேவையில்லாதவனுக்கு, ஆர்ஏசியை மாதிரி ஒரு பாக்கியம் இந்திய ரயில்வேயில் வேறு இல்லை. "ஐயோ ஆர்ஏசிதான் வந்துச்சு" என்று ஒப்பாரி வைத்து டிக்கெட்டை ரத்துசெய்கிறார்கள். பண்ணுங்கள் மக்களே, எங்களுக்கு நல்லது.

வண்டி போகும் திசைக்கு முகம்காட்டி உட்காருவதா, முதுகுகாட்டியா என்பது இன்னொரு பட்டிமன்றம். ஊரே முகம்காட்டித்தான் உட்கார விரும்புகிறது. நான் முதுகு கட்சி. முன்னால் பார்த்து உட்கார்ந்தால் எல்லாம் மூஞ்சியில் வந்து மோதி ஓடிவிடும், தூசியும் சாரலும் உட்பட. பின்னால் பார்த்து உட்கார்ந்தால் கடந்துபோன மலை கண்ணைவிட்டு மெதுவாகத்தான் விலகும். நாலு தடவை பாருங்கள், அப்புறம் சொல்லுங்கள்.

இனி ஏசி விவகாரம். இதைச் சொன்னால் அடிக்க வருவார்கள் என்று தெரியும், இருந்தாலும் சொல்கிறேன். ஏசிப் பெட்டியின் ஜன்னல் ஜன்னலே இல்லை. இரட்டைக் கண்ணாடி, அதில் லேசாக நிறம், வெளியே முந்தின மழையின் சேறு காய்ந்த கோடுகள். மழைக்காலத்தில் ஆவி படிந்து இன்னும் மோசம். கொங்கணில் ஜூலை மாதப் பச்சை என்பது கண் கூசுகிற பச்சை. அதை ஏசிக் கண்ணாடி வழியாகப் பார்த்தால் பாசிபிடித்த மீன்தொட்டிக்குள் பார்க்கிற மாதிரி இருக்கும். ஸ்லீப்பரில் கம்பிக்கு வெளியே மண்ணுக்கு வாசம் இருக்கிறது, குகைக்குள் நுழைந்தால் குளிர்ந்த ஈரக்காற்று அடிக்கிறது, அருவிப் பக்கம் போனால் கையில் துளி விழுகிறது. துத்சாகரில் பாலம் அருவியின் நடுவயிற்றில் போகிறது, தண்ணீர் மேலிருந்து விழுந்து பாலத்துக்குக் கீழே போகிறது. அந்தச் சத்தத்தை எந்த ஏசிக் கண்ணாடி உள்ளே விடும்? கோவா எக்ஸ்பிரஸ் மாதிரி காஸில்ராக் - குலேம் வழியாகப் போகும் வண்டியில் பகலில் அந்த இடம் வருகிறதா என்று பார்த்து ஸ்லீப்பரில் ஏறிப்பாருங்கள். வண்டிக்குள் இருந்தே பாருங்கள், தண்டவாளத்தில் இறங்க வேண்டாம். 2023 ஜூலையில் அங்கே இறங்கி நடந்தவர்களைப் போலீஸ் தோப்புக்கரணம் போடவைத்த படம் நாடு முழுக்கச் சுற்றியது.

இதையெல்லாம் நான் சொல்லும்போது நண்பர் ஒருவர் கேட்டார்: "அதான் விஸ்டாடோம் விட்டிருக்கானே, கண்ணாடிக் கூரை, சுத்துற சீட்டு, அதுல போக வேண்டியதுதானே?"

போகலாம். 2017-லேயே மும்பை - மட்காவ் ஜனசதாப்தியில் மாட்டிவிட்டார்கள். 2021-ல் புனே பக்கம் டெக்கான் எக்ஸ்பிரஸ், டெக்கான் க்வீன் என்று போர் காட் மலைக்கும் வந்துவிட்டது. நல்ல பெட்டிதான், பெரிய ஜன்னல்தான். அதற்கு நான் விரோதி இல்லை. ஆனால் சில விஷயங்களைக் கவனியுங்கள். ஒரு பெட்டியில் 44 பேர். அதே ஜனசதாப்தியில் சாதா உட்காரும் பெட்டிக்காரர் கம்பி ஜன்னல் வழியாகப் பார்ப்பதும் அதே மலையைத்தான், பல மடங்கு குறைந்த காசில், காற்றோடு. கூரைக் கண்ணாடி வழியாக அண்ணாந்து பார்த்தால் தெரிவது 2022-ல் போட்டுமுடித்த மின்கம்பி. மலை பக்கவாட்டில் இருக்கிறது சாமி, உச்சந்தலையில் இல்லை!

எனக்கு உறுத்துவது கூரை இல்லை. இயற்கைக் காட்சி என்பது தனிப்பெட்டியில், தனிக்காசுக்கு விற்கிற சரக்கு என்று ஆகிக்கொண்டிருப்பதுதான். போன பத்துப் பதினைந்து வருஷத்தில் எத்தனை எக்ஸ்பிரஸ் வண்டிகளில் ஸ்லீப்பர் பெட்டியைக் கழற்றிவிட்டு தேர்ட் ஏசியைக் கோத்திருக்கிறார்கள் என்று அடிக்கடி போகிறவர்களுக்குத் தெரியும். ஒரு காலத்தில் எஸ்1 முதல் எஸ்12 வரை நீண்ட வண்டிகளில் இப்போது ஸ்லீப்பரை விரல்விட்டு எண்ணலாம். 2021-ல் வந்த ஏசி எகானமி பெட்டியில் 83 பெர்த் அடைத்தார்கள். ஆக நடப்பது என்ன? காற்று வரும் ஜன்னல் குறைகிறது. மூடின ஜன்னல் கூடுகிறது. பார்க்கவேண்டும் என்றால் கண்ணாடிக்கூரைக்குக் காசு கட்டு. கொல்லத்துக்கு வேலைக்குப் போகும் கூலிக்காரரும், ரத்னகிரியில் இறங்கும் கிழவியும், ஐந்து ரூபாய் பொட்டலம் வாங்கித் தின்றுகொண்டே பார்த்துவந்த மலை அது. அவர்களுக்கு ரசனை கிடையாது, அது டூரிஸ்டுக்குத்தான் என்று எந்த மகராசன் முடிவுபண்ணினான்? 2023 டிசம்பர் கடைசியில் அம்ரித் பாரத் என்று முழுக்க ஏசி இல்லாத வண்டியை விட ஆரம்பித்தது நல்ல காரியம், அதைச் சொல்லாமல் விடக்கூடாது. ஆனால் ஒரு பக்கம் அதைக் கொடுத்து, ஓடிக்கொண்டிருக்கிற வண்டியில் இன்னொரு பக்கம் பிடுங்கினால் கணக்கு நேராகாது.

இதில் நம் வர்க்கத்துக்கும் பங்கு உண்டு. "ஏசி வேணும், ராத்திரி வேணும், வேகமா வேணும்" என்று டிக்கெட் எடுத்து எடுத்து, ரயில்வேக்கு அதுதான் விற்கும் என்று கற்றுக்கொடுத்தது நாம்தான். பகல் பாசஞ்சர் வண்டி காலியாக ஓடுகிறது, நஷ்டம் என்று எழுதினால் "ஆமாமா, நிறுத்தவேண்டியதுதான்" என்று தலையாட்டுவதும் நாம்தான்.

போன வருஷம் ஒரு வண்டியில், தேர்ட் ஏசிதான் கிடைத்தது, எதிரில் ஒரு தமிழ்க் குடும்பம். பையனுக்கு ஏழெட்டு வயசு இருக்கும். பன்வெல் தாண்டினதிலிருந்து அவன் ஜன்னல் திரையை விலக்க, அப்பா இழுத்துவிட. டேப்லெட் திரையில் வெளிச்சம் அடிக்கிறதாம். டேப்லெட்டில் ஓடிக்கொண்டிருந்தது ஏதோ ஒரு கார்ட்டூன் ரயில். சிரிப்பதா அழுவதா? சிப்ளூண் பக்கம் அப்பா தூங்கிப்போனார். பையன் திரைக்குள் தலையை நுழைத்துக்கொண்டு ரத்னகிரி வரை வெளியே வரவில்லை.

இன்னொரு ரகம் இருக்கிறார்கள், லோயர் பெர்த் ஜமீன்தார்கள். பகல் பதினோரு மணிக்குக் காலை நீட்டிப் படுத்து, ஷட்டரையும் இறக்கிவிட்டுக்கொள்வார்கள். மிடிலும் அப்பரும் கால்மாட்டில் ஒண்டிக்கொள்ள வேண்டும். படுக்கும் நேரம் ராத்திரி 10 முதல் காலை 6 வரைதான் என்று 2017-ல் ரயில்வே சுற்றறிக்கையே விட்டது. அதற்கு முன் 9 என்று இருந்தது, ஒரு மணி நேரம் குறைத்ததே இந்த ஜமீன்தார்களால் வந்த சண்டையால்தான். வயசானவர்கள், கர்ப்பிணிகள், உடம்புக்கு முடியாதவர்கள் வேறு. நான் சொல்வது தொந்தியைத் தவிர வேறு வியாதி இல்லாதவர்களை.

எதிர்வாதம் இருக்கிறது, தெரியும். மே மாதத்தில் சோலாப்பூர், வாடி, குண்டக்கல் வழியாக ஸ்லீப்பரில் போனால் கருவாடாகத்தான் இறங்க வேண்டும். அப்போது ஏசி போடுங்கள், வேண்டாம் என்று சொல்ல நான் பைத்தியமில்லை. தனியாகப் போகும் பெண்கள் ஸ்லீப்பர் வேண்டாம் என்றால் அதற்கு அவர்களுக்குக் காரணம் இருக்கும், அதைக் கேள்விகேட்கும் யோக்கியதை எனக்கு இல்லை. பண்டிகை நேரத்தில் ரிசர்வ் பண்ணின ஸ்லீப்பரிலும் நிற்க இடமிருக்காது. அதற்கு மருந்து ஜெனரல் பெட்டியைக் கூட்டுவது. அது கூடாதவரை அங்கே இடமில்லாத மனுஷன் இங்கேதான் வருவான், அவனைத் திட்டி என்ன பிரயோஜனம். எனவே பண்டிகைக்கு நாலு நாள் முன்னே பின்னே போக முடிந்தவர்கள் அப்படிப் போங்கள்.

"மழைக்காலத்தில் கொங்கண் வண்டி லேட்டாகும்" என்று ஒரு புகார். லேட் இல்லை, அது தனி அட்டவணை. பல வருஷமாக ஜூன் 10 முதல் அக்டோபர் 31 வரை இருந்தது, 2025-ல் ஜூன் 15 முதல் அக்டோபர் 20 என்று சுருக்கினார்கள். மெதுவாக ஓட்டுவது சோம்பேறித்தனத்தால் இல்லை. 2003 ஜூன் 22-ல் வைபவ்வாடி பக்கத்தில் பாறை சரிந்து வண்டி கவிழ்ந்து ஐம்பது பேருக்கு மேல் செத்தார்கள். அடுத்த ஜூனிலேயே, 2004-ல், கரஞ்சாடி பக்கத்தில் மத்ஸ்யகந்தா எக்ஸ்பிரஸ் பாறையில் மோதிப் பாலத்திலிருந்து விழுந்தது. மழையில் தண்டவாளத்தோடு நடந்து ராப்பகலாகக் காவல் பார்க்கிறார்கள், வண்டி மெதுவாக ஊர்கிறது. நீங்கள் இரண்டு மணி நேரம் போச்சே என்று புலம்பும் அந்த மெதுவில்தான் ஒவ்வொரு அருவியும் முழுசாகக் கண்ணில் படுகிறது. புறப்படும் நேரமும் மாறும் என்பதால் மழைக்கால அட்டவணையைத் தனியாகப் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய நேரத்தை நம்பிப் போய் வண்டியை விட்டவர்கள் வருஷாவருஷம் உண்டு.

இன்னொன்று. பச்சையாக இருந்தால்தான் காட்சி என்ற எண்ணமும் எனக்கு ஆகாது. குண்டக்கல் வழியாகச் சென்னை போகும் பாதையை "ஒண்ணுமே இல்ல, வெறும் பொட்டக்காடு" என்கிறார்கள். ராய்ச்சூருக்கு முன்னால் கிருஷ்ணா, தாண்டினதும் மந்த்ராலயம் பக்கத்தில் துங்கபத்ரா, அப்புறம் ஆதோனிப் பக்கம் யாரோ விளையாடிவிட்டு அப்படியே போட்டுப்போன மாதிரி குவிந்துகிடக்கும் பாறைகள், குத்தியில் மலைமேல் கோட்டை. கரிசலிலும் செம்மண்ணிலும் வளர்ந்தவன் இதைப் பொட்டக்காடு என்று சொன்னால் அவன் ஊரில் என்னத்தைப் பார்த்தான்? ஜனவரி மாதத்தில், பகலில், இந்தப் பாதை ஸ்லீப்பரில் சொகமோ சொகம். கடலைமிட்டாய்க்கும் குறைவில்லை.

சரி, திட்டித் தீர்த்தாச்சு. "அப்ப நீ எதுலதான் போவே?" என்று கேட்கிறவர்களுக்கு. கோவா வரைக்கும் என்றால் மாண்டவி எக்ஸ்பிரஸ், கண்ணை மூடிக்கொண்டு எடுக்கலாம். காலையில் மும்பையில் கிளம்பினால் கொங்கண் முழுக்கப் பகலில் வரும், பான்ட்ரி சாப்பாட்டுக்கும் நல்ல பெயர். நம் தென்காசி, நெல்லை, குமரி மக்களுக்கு நேத்ராவதி. குர்லாவிலிருந்து மத்தியானத்துக்கு முன்னால் கிளம்பும், ரோஹாவிலிருந்து ரத்னகிரி வரை வெளிச்சம், கோவாவும் கார்வாரும் இருட்டில் போய்விடும், விடிந்தால் கேரளம், நாள் முழுக்கத் தென்னையும் காயலும். அந்தக் கார்வார், ஹொன்னாவர்த் துண்டும் வேண்டும் என்கிற பேராசைக்காரர்கள் திரும்பி வரும்போது மங்களூரில் இறங்கி, மத்தியானம் அங்கிருந்து கிளம்பும் மத்ஸ்யகந்தாவில் ஏறட்டும். ஷராவதிப் பாலம் வெளிச்சத்தில் கிடைக்கும்.

முன்பதிவு 2024 நவம்பரிலிருந்து 60 நாளைக்கு முன்னால்தான் திறக்கிறது, முன்பு மாதிரி 120 நாள் இல்லை. ஸ்லீப்பர், விருப்பத்தில் சைடு லோயர். அது கிடைக்காமல் ஆர்ஏசி விழுந்தால் தயவுசெய்து ரத்துசெய்யாதீர்கள். வேண்டாம் என்றால் ரத்துசெய்துவிடுங்கள், வரிசையில் அடுத்த ஆள் அநேகமாக நானாக இருப்பேன் :-)